ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாற நெஞ்சடைப்பு: வன்னியில ஒரு கடன் உத்தியோகத்தரின்ர கேஸ்

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். இதில வாற தம்பி ஒரு தனி ஆள் இல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளவளத்துணை செய்யேக்க கிட்டத்தட்ட ஒரே கதையோட வந்த சில பேரைச் சேர்த்து ஒராளா ஆக்கியிருக்கிறன், ஊர், வயசு, வீட்டு விபரம் எல்லாம் மாத்தித்தான் கிடக்கு, ஏனெண்டா இஞ்ச பரந்தனில ஒருத்தர் தும்மினா விசுவமடுவில அவருக்குக் கொத்தமல்லி அவிக்கத் தொடங்கீடுவினம், அப்பிடியான இடத்தில உண்மை விபரத்தோட கேஸ் எழுதுறது நம்பி வந்த ஆளுக்குச் செய்யிற துரோகம்.

ஆள் ஆர்

28 வயசு. ஒரு நிதி நிறுவனத்தில நுண்கடன் பிரிவில கள உத்தியோகத்தர். சனம் சொல்லுறது "லோன்காரப் பெடியன்". கல்யாணம் கட்டி ஒரு சின்னப் பிள்ளை, மனிசி வீட்டில தையல், தாயும் கூடத்தான் இருக்கிறா. காலமை ஏழரைக்கு மோட்டச்சைக்கிளை எடுத்தா பின்னேரம் ஆறு மட்டும் ஏ35 றோட்டும் அதில இருந்து உள்ளுக்க பிரியிற மண் ஒழுங்கைகளும்தான் அவற்ற ஒபிஸ். ஒவ்வொரு ஊரிலயும் ஆரும் ஒருத்தரின்ர வீட்டு விறாந்தையில இல்லாட்டி மாமரத்துக்குக் கீழ பெண்கள் குழுவைக் கூட்டி, தவணைக் காசை எண்ணி வாங்கி, பாஸ் புத்தகத்தில கையெழுத்து வைச்சு, அடுத்த ஊருக்குப் போகோணும்.

இந்த வேலையில இருக்காத ஆக்களுக்கு ஒரு விசயம் விளங்கோணும். குழுக்கடன் எண்டா ஒருத்தருக்கு மற்றவை பிணை. ஒரு அக்கா தவணை கட்டேல்லை எண்டா மிச்ச ஆக்கள் தங்கட காசைப் போட்டுக் கட்டோணும், அது மட்டும் கூட்டம் கலையாது, கலெக்ஷன் எடுக்க வந்தவரும் எழும்ப ஏலாது. காசு வராட்டி ஒபிசில அவர் பதில் சொல்லோணும், அவற்ற கொமிசனும் வெட்டு. ஆக அந்த விறாந்தையில இருக்கிற அத்தனை பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பயந்துகொண்டு இருக்கினம். கடன் எடுத்த பெண்கள் பட்ட பாடு பத்தி இஞ்ச கன பேர் எழுதியிருக்கினம், எழுதத்தான் வேணும். மற்றப் பக்கம் கதிரையில இருந்து காசு எண்ணுற பெடியனின்ர வயிறு என்ன செய்யுது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

என்ன சொல்லிக்கொண்டு வந்தவர்

"அக்கா, எனக்கு ஹார்ட்டில ஏதோ இருக்கு, ஆனா டொக்டர்மார் இல்லையெண்டினம்." இதுதான் முதல் வசனம்.

ஞாயிற்றுக்கிழமை காலமை எல்லாம் நல்லாத்தான் போகும். சந்தைக்குப் போவார், ஆட்டிறைச்சி வாங்குவார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு ரெண்டு மணிக்குப் படுத்தா நாலு மணிக்குக் கண் முழிக்கும், முழிக்கேக்கயே நெஞ்சில ஆரோ கையை வைச்சு அமத்துற மாதிரி, வயித்தைக் கலக்கும், உள்ளங்கை வேர்க்கும், பிறகு அந்த நேரத்தில இருந்து வீட்டில ஆர் என்ன கதைச்சாலும் எரிஞ்சு விழுறது, பிள்ளை வந்து மடியில ஏறினாலும் தள்ளி விடுறது, தள்ளி விட்டிட்டனே எண்டு இன்னொரு கவலை. ஏழு மணிக்குப் போனை எடுத்து ஒபிஸ் வாட்ஸ்அப் குறூப்பைப் பாப்பார். அதில மனேஜர் நாளைக்கான டார்கெட்டையும் ஆரார் எவ்வளவு நிலுவை எண்டதையும் போட்டிருப்பார். அதுக்குப் பிறகு சாப்பாடு இறங்காது. பத்து மணிக்குப் படுத்தா பன்னிரண்டுக்குத்தான் நித்திரை, ரெண்டரை மூண்டுக்குத் திருப்பி முழிப்பு.

வெளிநோயாளர் பிரிவில ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்டும் இல்ல. வாய்வு எண்டு குளிசை குடுத்தாச்சு, கொஞ்சம் ஏவறை குறைஞ்சது, நெஞ்சடைப்பு அப்பிடியே. தாய் ஐயரிட்ட நூல் கட்டுவிச்சு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சிருக்கிறா. உதில எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, முறிகண்டியில நிக்காமல் ஏ9ல போற வாகனம் குறைவு, நானும் நிக்கிறனான். சிநேகிதப் பெடியள் காட்டின வழிதான் சிக்கல்: ஞாயிறு பின்னேரம் ஒரு பியர். குடிச்ச உடன நெஞ்சு இறங்கும், நித்திரையும் கெதியா வரும், ஆனா சாராயமோ பியரோ உடம்பை விட்டுப் போற நேரத்தில நித்திரையைக் குழப்பி மூண்டு மணிக்குப் படபடப்போட எழுப்பிவிடும். அவருக்கு அந்த மூண்டு மணி முழிப்பு பியருக்குப் பிறகுதான் கூடினது எண்டு தெரியேல்ல, பியர் காணாது எண்டுதான் நினைச்சவர்.

இன்னொண்டு. திங்கக்கிழமைகள்ல லீவு போடத் தொடங்கியிருந்தார். காய்ச்சல், வயித்தாலை, பிள்ளைக்குச் சுகமில்ல எண்டு ஒவ்வொரு சாட்டு. லீவு மெசேஜ் அனுப்பின அடுத்த நிமிசம் உடம்பு லேசாகும் எண்டு சொன்னவர். அந்த லேசுதான் ஆபத்து. பயந்த இடத்துக்குப் போகாமல் விட்டா உடன நிம்மதி வரும், அந்த நிம்மதி அடுத்த கிழமைக்குப் பயத்தை இன்னும் கொழுக்க வைக்கும். ஏனெண்டா "போயிருந்தா செத்திருப்பன், போகாததாலதான் தப்பினன்" எண்டு மூளை கணக்குப் போட்டு வைச்சிடும், அந்தக் கணக்குப் பிழை எண்டு காட்டுறதுக்கு அது சந்தர்ப்பமே குடுக்கிறேல்ல.

முதல் சந்திப்பில ஜிஏடி-7 எண்ட, பதகளிப்பு எவ்வளவு எண்டு அளக்கிற ஏழு கேள்வி அளவுகோலை வைச்சுப் பாத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 0இல இருந்து 3, மொத்தம் 21. 5க்கு மேல லேசு, 10க்கு மேல நடுத்தரம், 15க்கு மேல கடுமை. இவருக்கு 13. சாகோணும் எண்ட யோசனை வாறதோ எண்டு நேராக் கேட்டனான், இப்பிடிக் கேட்டா இல்லாத எண்ணத்தை விதைச்சுப் போடுவம் எண்டு கன பேர் பயப்பிடுகினம், அது பிழையான பயம், கேட்டால்தான் ஆக்கள் வாய் திறப்பினம். இவருக்கு அப்பிடி ஒண்டும் இருக்கேல்ல. இருந்தும் 1926 நம்பரை, அதுதான் தேசிய மனநல நிறுவனத்தின்ர உதவி இலக்கம், போனில பதிஞ்சு விட்டுத்தான் அனுப்பினது.

போயா காட்டிக் குடுத்த விசயம்

எனக்குத் துப்புத் தந்தது ஒரு போயா. எங்கட நாட்டில பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரச விடுமுறை தானே. இடையில ஒரு போயா திங்கக்கிழமையில வந்தது. அந்த ஞாயிறு எப்பிடி எண்டு கேட்டா, "ஒண்டும் இல்லை அக்கா, வொலிபோல் விளையாடப் போனனான்" எண்டார். திங்கள் கூட்டங்கள் செவ்வாய்க்குத் தள்ளிப் போயிருந்தது. அடுத்த நாள் திங்கள் பின்னேரம், போயாவண்டு, நாலு மணிக்கு அதே நெஞ்சு அதே வயிறு. அப்ப ஞாயிற்றுக்கிழமையில ஒரு குற்றமும் இல்ல.

இதை ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, ஞாயிறில வாற வருத்தம் எல்லாம் ஒரே வருத்தம் இல்ல. 1919லயே ஹங்கேரி நாட்டு உளப்பகுப்பாய்வாளர் சான்டோர் ஃபெரென்சி ஞாயிற்றுக்கிழமை வந்தா மட்டும் தலையிடியும் வயித்துக் கோளாறும் வாற ஆக்களைப் பத்தி எழுதியிருக்கிறார், ஆனா அவர் பாத்தது வேலை இல்லாத வெறுமையில உள்ளுக்க அமத்தி வைச்சிருந்தது கிளம்பி வாறதை. அப்பிடியான ஆளுக்குப் போயா வந்தா வருத்தம் கூடியிருக்கோணும். எங்கட தம்பிக்கு வருத்தம் ஓடியே போட்டுது. இவர் பயப்பிடுறது ஓய்வுக்கு இல்லை, அடுத்த நாளுக்கு.

பிறகு ரெண்டாவது துப்பு. ஒரு திங்கள் வவுனியாவில ஸ்டாஃப் பயிற்சி, முழுநாள். அந்த ஞாயிறும் பெரிசா ஒண்டும் இல்ல, "வவுனியாவில மனேஜரும் பெரியவரும் இருப்பினம், பேச்சும் விழும், ஆனா பறவாயில்லை" எண்டார். அப்ப பயத்துக்குக் காரணம் வேலையும் இல்ல, மனேஜரும் இல்ல. திங்கக்கிழமை போற ஊர்களில ஏதோ ஒண்டு.

திங்கள் அவருக்கு மூண்டு கூட்டம். கண்ணை மூடி ஒவ்வொண்டா நினைச்சுப் பாக்கச் சொன்னன், மோட்டச்சைக்கிளை நிப்பாட்டுறது, படலையைத் திறக்கிறது, கதிரையில இருக்கிறது, பத்துக்கு எவ்வளவு பயம் எண்டு நம்பர் சொல்லச் சொன்னன். முதல் ஊர் 2. கடைசி ஊர் 3, அதுவும் ஒரு நாய் நிக்குதாம். நடு ஊர் 9. நம்பரைச் சொல்லிப்போட்டு கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார்.

நடு ஊரில ஒரு மாமி

அந்தக் குழுவில நிலுவை வைச்சிருக்கிற அம்மாவுக்கு அறுபது கிட்ட. புருசன் இல்ல. கச்சான் போட எண்டு கடன் எடுத்தவா, அந்த வருசம் மழை பிந்தி பிறகு ஒரேயடியாக் கொட்டினதில கச்சான் அழுகிப் போட்டுது. அவாவை இவர் "மாமி" எண்டுதான் கூப்பிடுறவர், சொந்தம் இல்ல. 2009ல இவருக்கு 12 வயசு. சண்டையில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில இவையின்ர கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம் மாமியின்ர. தாய் காய்ச்சலாக் கிடந்த நாட்களில தண்ணி வரிசையில இவருக்காகவும் வாளியோட நிண்டது அந்த மாமி. இப்ப ஒவ்வொரு திங்களும் அவாவின்ர சம்பந்தி வீட்டு விறாந்தையில இருந்துகொண்டு, மற்றப் பெண்களுக்கு முன்னால, "மாமி, இந்தக் கிழமை எவ்வளவு போடுறியள்?" எண்டு இவர் கேக்கோணும். மாமி ஒரு நாளும் ஏசேல்ல. ஏசியிருந்தாப் பறவாயில்லையாம். பிளேன்ரீ போட்டுக் குடுக்கிறவா. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவும் ஏலாது, வைச்சிட்டு வரவும் ஏலாது.

இப்ப விளங்குதோ ஞாயிறு நாலு மணிக்கு ஏன் நெஞ்சடைக்குது எண்டு?

நிறுவனத்தில உறவுக்காரரின்ர கடனைக் கையாளக்கூடாது எண்டு விதி இருக்கு. ஆனா முகாமில பக்கத்துக் கூடாரம் எண்டது எந்தப் படிவத்திலயும் வராத உறவு. அதால அவர் அறிவிக்கேல்ல, வேற ஆருக்கும் சொல்லவும் இல்ல, மனிசிக்குக் கூட "டார்கெட் பிரச்சினை" எண்டுதான் சொல்லி வைச்சவர்.

இந்த இடத்தில ஒரு பக்கவாட்டுக் கதை சொல்லத்தான் வேணும். வன்னியில ஆருக்கும் நெஞ்சு படபடக்குது எண்டா நாங்கள், இந்தத் துறையில இருக்கிற ஆக்கள், நேரா 2009க்கு ஓடிப்போடுவம். ஓடுறதில நியாயமும் இருக்கு, உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரி ஆக்கள் கூட்டு மனவடு, அதாவது ஒரு சமூகமே சேர்ந்து பட்ட மனக்காயம், பத்தி எழுதினதெல்லாம் இஞ்சத்தைய சனத்தைப் பாத்துத்தான். இவரிட்டயும் கேட்டனான், செல் சத்தக் கனவு வாறதோ, வெடி கொளுத்தினாத் திடுக்கிடுறவரோ, அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால வருதோ. கோயில் வெடிக்குக் கொஞ்சம் திடுக்கிடுவாராம், மற்றதெல்லாம் இல்ல. இந்தக் கேசுக்குள்ள 2009 வந்தது பயமா இல்ல, கடப்பாடா வந்தது. மனவடுச் சிகிச்சை எண்டு தொடங்கி பழசைக் கிண்டியிருந்தா ஞாயிறு பின்னேரம் அப்பிடியேதான் இருந்திருக்கும், ஏனெண்டா மாமியின்ர நிலுவை அப்பிடியே இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வன்னியில காசு வாறது போகத்துக்குப் போகம். காலபோக நெல்லு மாசி பங்குனியில வெட்டினாத்தான் கையில நோட்டு, இடையில கூலி கிடைச்சாக் கொஞ்சம். கடன் கட்ட வேண்டியது கிழமைக்குக் கிழமை. ஐப்பசி கார்த்திகையில, விதைச்சு முடிஞ்சு கையில ஒண்டும் இல்லாத நேரத்தில, மழையும் பிடிச்சு கூலியும் இல்லாத நேரத்தில, கலெக்ஷன் எடுக்கப் போறவர் எப்பிடியும் வெறுங்கையோடதான் வருவார். 2018ல அரசாங்கம் வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்ய வெளிக்கிட்டது, வட்டிக்கும் 35 வீதம் எண்டு உச்சம் வைச்சது, ஆனா கிழமைத் தவணை எண்ட முறை அப்பிடியே கிடக்கு. தம்பியின்ர பயம் கூடின மாதங்களைக் கேட்டுப் பாத்தா அதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மனசின்ர கோளாறு கலண்டரைப் பாத்து வாறேல்ல.

என்ன செய்தது

கொப்பி ஒண்டு குடுத்தன். ஞாயிறு மட்டும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்ன செய்தவர், நெஞ்சு பத்துக்கு எவ்வளவு, அவ்வளவுதான். பிள்ளையின்ர கிறுக்கலோட திரும்பி வந்த அந்தக் கொப்பியைப் பாத்தா பயம் மூண்டு சாமானால செய்தது எண்டு தெரிஞ்சுது: உடம்பு, போன், மாமி. மூண்டுக்கும் ஒரே மருந்து இல்ல. எனக்கு உண்மையில எரிச்சல் வாறது இந்த விசயத்திலதான், ஞாயிறு பயம் எண்டு போன எல்லாருக்கும் "மூச்சை ஆழமா இழுங்கோ, நல்லதை நினையுங்கோ" எண்டு ஒரே துண்டை நீட்டுறது. மூச்சு உடம்புக்கு உதவும். மாமிக்கு உதவாது.

உடம்புப் பங்கு லேசு. ஞாயிறு காலமை ஏழரைக்கு மேல படுத்துக் கிடக்கிறேல்ல, மத்தியான நித்திரை அரை மணித்தியாலம், அலாரம் வைச்சு. ரெண்டு மணித்தியாலம் மத்தியானம் அடிச்சிட்டு இரவு பத்துக்கு நித்திரை வரேல்ல எண்டு அழுறதில அர்த்தமில்லை, அந்த நித்திரையைப் பகலே எடுத்துப்போட்டியள். நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் இல்ல, கஃபீன் பாதியாக் குறையவே அஞ்சு மணித்தியாலம் அளவு எடுக்கும். பியர் ஞாயிறில வேண்டாம். நாலு மணிக்குக் கட்டாயம் வீட்டை விட்டு வெளிக்கிடுறது, வொலிபோல் இல்லாட்டி பிள்ளையைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம். நெஞ்சு அடைக்கேக்கதான் போகோணும், அடைப்பு நிண்டாப்பிறகு போவம் எண்டு இருந்தா இருட்டிப்போடும். மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் குடுத்தது, நிமிசத்துக்கு ஆறு மூச்சு அளவில மெதுவா, இழுக்கிறதை விட விடுறது நீளமா.

போன் பங்குக்கு அவரோட கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "பாக்காட்டி மனேஜர் கோவிப்பார் அக்கா." மனேஜருக்கு அந்த டார்கெட் ஷீட்டைப் பாத்தாச்சு எண்டு ஞாயிறே தெரிய வேணுமோ எண்டு கேட்டன். தெரிய வேணாம். திங்கள் ஏழு மணிக்குப் பாத்தாலும் அதே ஷீட்தான். அந்தக் குறூப்பை சனி பின்னேரத்தில இருந்து திங்கள் காலமை மட்டும் சத்தமில்லாமல் வைக்கிறது எண்டு முடிவு. முதல் ஞாயிறு ஒளிச்சுப் பாத்தவர் எண்டு மனிசி சொல்லிக் குடுத்திட்டா. பிறகு போன் ஏழு மணிக்குத் தாயின்ர அலுமாரிக்குள்ள போகத் தொடங்கிச்சு.

அதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை. ஒபிசை விட்டு வெளிக்கிட முதல் திங்கள் போற மூண்டு ஊர், ஆரார் நிலுவை, ஆரிட்ட என்ன கதைக்கிறது, எல்லாத்தையும் ஒரு ஒற்றையில எழுதி மேசை லாச்சிக்க வைச்சிட்டு வாறது. தலைக்குள்ள முடியாமல் கிடக்கிற அலுவலைக் கடதாசியில இறக்கினா மனம் அதைச் சுமக்கிறதைக் கொஞ்சம் விடும். 2018ல அமெரிக்காவில நித்திரையை ஆராயிற மைக்கல் ஸ்கலினும் ஆக்களும் 57 இளம் ஆக்களை வைச்சு செய்த ஆய்வில, படுக்க முதல் அஞ்சு நிமிசம் செய்ய வேண்டியதை எழுதின ஆக்கள் செய்து முடிச்சதை எழுதின ஆக்களை விட சராசரியா 9 நிமிசம் முந்தி நித்திரையாகியிருக்கினம். ஒன்பது நிமிசம் பெரிய விசயமோ எண்டு தம்பி கேட்டவர். காசில்லாமல் கிடைக்கிற ஒன்பது நிமிசம் தானே எண்டு சொன்னன்.

யோசிக்கிற நேரம் எண்டு ஒரு முறையும் போட்டுப் பாத்தது. உளவியலாளர் தோமஸ் போர்கோவெக்கும் ஆக்களும் 1983ல சொன்ன முறை, தினம் ஒரே நேரத்தில ஒரே இடத்தில அரை மணித்தியாலம் கவலைப்பட எண்டே ஒதுக்கி, மற்ற நேரத்தில கவலை வந்தா "உன்ர நேரம் ஆறு மணிக்கு, அப்ப வா" எண்டு தள்ளி வைக்கிறது. நல்ல முறைதான், ஆனா ஒரு அறையும் ஒரு விறாந்தையும் இருக்கிற வீட்டில ஒரு ஆள் தனிய ஒரு மூலையில அரை மணித்தியாலம் முகட்டைப் பாத்துக்கொண்டு இருந்தா தாய் வந்து "என்னடா மோனே, பேயடிச்ச மாதிரி இருக்கிறாய்?" எண்டு விபூதி பூசுவா. ரெண்டு கிழமையில கைவிட்டாச்சு. அவரே மாத்திக் கண்டுபிடிச்சது கிணத்தடி. குளிக்கப் போற நேரம் ஆரும் தொந்தரவு செய்யினம் இல்லை, கவலை எல்லாம் அங்க.

மாமிப் பங்கு

இதுதான் நீளம் எடுத்தது, உண்மையான வேலையும் இதுதான்.

முதல் அவர் கேட்டது "திங்கள் நான் போகாமல் இருக்க ஒரு கடிதம் தர ஏலுமோ?" எண்டு. ஏலாது எண்டன், அது லீவு போடுறதின்ர இன்னொரு வடிவம். பிறகு ரெண்டு கதவு இருக்கு எண்டு பாத்தம். ஒண்டு மாமியோட கதைக்கிறது, கலெக்ஷன் நேரத்தில இல்லாமல், வேற நாள், வீட்டுக்குப் போய். மற்றது மனேஜரிட்ட உண்மையைச் சொல்லுறது.

மாமியிட்ட என்ன சொல்லுறது எண்டு என்னோட இருந்து நடிச்சுப் பாத்தது, நான் மாமி, அவர் அவராத்தான். முதல் தரம் ரெண்டு வசனத்தில மன்னிப்புக் கேக்கத் தொடங்கி நிப்பாட்டேலாமல் போட்டுது. மன்னிப்பைக் கடைசியா வையும், முதல் நிலைமையைச் சொல்லும் எண்டு திருப்பிச் செய்தம். கடைசியில அவர் மாமி வீட்டை போனது ஒரு சனி பின்னேரம், தாயையும் ஏத்திக்கொண்டு. அது என்ர யோசனை இல்ல, அவற்ற. நல்ல யோசனை. ரெண்டு கிழவியளும் முகாம் கதை கதைச்சு அழுது சிரிச்சு முடிய, இவர் சொல்லியிருக்கிறார், "மாமி, நான் திங்கக்கிழமை வந்து கேக்கிறது உத்தியோகம், எனக்கு அது நெஞ்சை அடைக்குது" எண்டு. மாமி சொன்ன பதிலை அவர் எனக்குச் சொல்லேக்கயே குரல் மாறிச்சு: "மோனே, உனக்கு முன்னால காசில்லை எண்டு சொல்ல எனக்கும் ஞாயிறு முழுக்க நித்திரையில்லை."

ரெண்டு வீட்டில ஒரே ஞாயிறு. எனக்கு இந்தக் கேசில மறக்க ஏலாத இடம் இதுதான்.

மனேஜரிட்ட சொல்லுறது அதை விடக் கஷ்டம். "எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டு போய் நிண்டா அந்த இடத்தில எடுபடாது, அதால உத்தியோக பாஷையில எழுதினம்: இந்த வாடிக்கையாளரோட எனக்குக் குடும்பத்துக்குச் சமமான தொடர்பு இருக்கு, விதிப்படி இல்லாட்டியும் அறிவிக்கிறன், அந்தக் குழுவை வேற உத்தியோகத்தருக்கு மாத்தித் தரவும், நிலுவைக்கு அறுவடை மட்டும் தவணையை மாத்தி அமைக்கிறதைப் பரிசீலிக்கவும். மனேஜர் முதல் பேசினவர், "இப்பிடி ஒவ்வொருத்தரும் மாமி மச்சாள் எண்டு வந்தா நான் எங்க போறது" எண்டு. அதிலயும் நியாயம் இல்லாமல் இல்ல, மனேஜருக்கும் மேல இருந்து ஞாயிறு ஒரு ஷீட் வரும். குழுவை மாத்திக் குடுத்தார். தவணையை மாத்த ஒப்புக்கொள்ளேல்ல, மூண்டு கிழமைக்கு அரைத்தவணை எண்டு மட்டும் விட்டார்.

பயந்த இடத்துக்குப் போகாமல் விடுறது கூடாது எண்டு மேல சொல்லிப்போட்டு இஞ்ச குழுவை மாத்தினது என்ன ஞாயம் எண்டு ஒருத்தர் கேக்கலாம். தப்பி ஓடுறதும் சிக்கலைத் தீர்க்கிறதும் வெளியால ஒரே மாதிரித் தெரியும். நான் பாக்கிற அளவுகோல்: செய்யிற காரியத்தை நாலு பேருக்கு முன்னால வாய் திறந்து சொல்லிச் செய்ய ஏலுமோ? காய்ச்சல் எண்டு பொய் சொல்லி லீவு போட்டது ஓட்டம். மாமிக்கும் மனேஜருக்கும் முகத்துக்கு நேர சொல்லி மாத்தினது ஓட்டம் இல்ல. அதோட, குழு மாறுறதுக்கு முதல் கடைசித் திங்கள் கட்டாயம் நீரே போய் வாரும் எண்டு சொன்னன், போனவர், பிளேன்ரீயைக் குடிச்சும் முடிச்சவர்.

இப்ப

ஜிஏடி-7 இப்ப 7. ஞாயிறு நாலு மணி 8இல இருந்து 3க்கு வந்திருக்கு, சில ஞாயிறு 4. திங்கள் லீவு நிண்டிட்டுது. மருந்து தேவைப்படேல்ல. இதே முறை எல்லாருக்கும் காணும் எண்டு நான் சொல்ல வரேல்ல. பயம் கிழமையில எல்லா நாளும் இருந்தா, நித்திரை, சாப்பாடு ஒரேயடியா விழுந்தா, வாழ்க்கையில வெறுப்பு வந்தா மனநலக் கிளினிக்கில வைத்தியரைக் காணத்தான் வேணும். நெஞ்சு நோ முதல்முறை வாற ஆள் இது டென்சன் தானே எண்டு தானாத் தீர்மானிக்காமல் முதல் ஈசிஜிக்குப் போகோணும்.

சரிவராததும் இருக்கு. மாதக் கடைசி ஞாயிறு இன்னும் 6. கணக்கு முடிக்கிற கிழமை எண்டா போன் திருப்பியும் அலுமாரிக்குள்ளால வெளிய வருது. புதுசா அந்தக் குழுவை எடுத்த பெடியன் மாமியிட்ட என்ன மாதிரிக் கதைக்கிறான் எண்டு இவருக்கு ஒரு யோசனை, அதை என்னிட்ட ரெண்டு தரம் கேட்டவர், அதுக்கு என்னட்ட பதில் இல்ல. வேலையை விட்டிட்டு மனிசியின்ர தையலைப் பெரிசாக்கிறதைப் பத்தி ரெண்டு பேரும் கதைக்கினமாம், அதுக்கு ஒரு மெசின் வாங்கோணும், மெசினுக்குக் கடன் எடுக்கோணும். சொல்லிப்போட்டு அவரே சிரிச்சார்.

நிதி நிறுவனங்களின்ர வருசக் கணக்கு மார்ச் 31இல முடியுது. அதே நேரம் காலபோக நெல்லும் வித்து சனத்தின்ர கையில கொஞ்சம் காசு இருக்கும், ஆனா மேல இருந்து வாற நெருக்குதலும் அப்பதான் உச்சம். அந்த மார்ச் கடைசி ஞாயிறு எப்பிடிப் போகுதெண்டு கொப்பியில எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறன். அதைப் பாத்திட்டுத்தான் இந்தக் கேசை மூடுறதோ, இன்னும் கொஞ்சம் இழுக்கிறதோ எண்டு ரெண்டு பேரும் முடிவெடுப்பம்.